நாலு வயரும் ஒன்பது முடிச்சும்

அமலோற்பவத்தின் பெயரில் இந்த உலகத்தில் இருப்பது ஒரே ஒரு பொருள்தான். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. மீன்பிடி வள்ளம் கொழுந்தன் கிளாட்வின் பெயரில். வள்ளத்து மோட்டார், மீனவர் சங்கத்தில் கணவர் ஜெரால்டு கையெழுத்துப் போட்டு வாங்கியது. முத்தையாபுரத்தில் அவள் வேலை பார்க்கிற தகரக் கொட்டகை வாடகைக் கொட்டகை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்ற இடத்திலும் மாமியார்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஆக, அவளுடையது என்று சொல்ல அந்தச் சிவப்புக் கார் ஒன்றுதான் உண்டு. அதன் ஆர்சி புத்தகத்தை மாதா சுரூபத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறாள். உரிமையாளர் அமலோற்பவம் என்று அதில் அச்சடித்திருக்கிறது.

வயது நாற்பத்து மூன்று. ஆளைப் பார்த்தால் மோட்டார் மெக்கானிக் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கையைப் பார்த்தால்தான் தெரியும். நகக்கண்ணில் கறுப்பு ஏறி, எந்தச் சோப்புக்கும் மசியாமல் அங்கேயே குடியிருக்கிறது. பனிமய மாதா திருவிழாவுக்கு மருதாணி வைத்தாலும் விளிம்பில் அந்தக் கறுப்பு எட்டிப் பார்க்கும். ஆரம்பத்தில் அதைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு திரிந்தாள். இப்போதெல்லாம் மறைப்பதில்லை.

அவள் மோட்டாரைத் தொட்ட கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். பெண் கால் பட்டால் மீன்பாடு குறையும் என்று வீட்டில் அவளை வள்ளத்தில் ஏறவிடவில்லை. சரி, ஏறவில்லை. ஆனால் மோட்டாரைக் கடற்கரையில் விட்டுவைத்தால் காலையில் இருக்காது. அதனால் கடலுக்குப் போய் வந்ததும் அதைக் கழற்றித் தோளில் தூக்கி வந்து வீட்டுக்குள் நிறுத்துவது வழக்கம். வள்ளத்தில் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டவர்கள், வீட்டுக்கு வருகிற மோட்டாரைத் தொடக் கூடாது என்று சட்டம் போட மறந்துவிட்டார்கள். கரையிலிருந்த மெக்கானிக் நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன் என்று மூன்று நாள் இழுத்தடித்தபோது, நாலாவது நாள் அமலோற்பவம் மோட்டாரோடு வந்த படம் போட்ட புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு பிளக்கைக் கழற்றினாள். அதன் மூக்கு அடுப்புச் சட்டியின் அடியைப் போலக் கரி பிடித்திருந்தது. சுத்தம் செய்து மாட்டினாள், மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது. மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான பிளக்குகளை அவள் மூக்கைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். கரியாக இருந்தால் ஒன்று, வெளுத்துப் பொரிந்திருந்தால் ஒன்று, காபிப்பொடி நிறத்தில் இருந்தால் ஒன்று என்று எஞ்சின் தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் பிளக்கில் எழுதி அனுப்புகிறது என்பாள். படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கார் வந்தது நாசரேத்திலிருந்து. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வேதமணி சாரின் மகன் வெளிநாட்டுக்குப் போனவன், காரை உறை போட்டு மூடிவிட்டுப் போனான், திரும்பி வரவில்லை. பழைய ஜப்பான் கார். வெளியே பார்த்தால் சாதாரண நாலு கதவு வண்டி. பானெட்டைத் திறந்தால் இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சின், சுற்றைக் காட்டும் முள் ஏழாயிரத்தைத் தொடும்வரை மூச்சுவிடாமல் ஏறுகிற ஜாதி. அவள் ஒரு மோட்டார் உதிரி பாகத்துக்காக அந்தத் தெருவுக்குப் போனவள், உறையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்ததோடு அவள் கதை முடிந்தது. யார் ஓட்டப் போவது என்று வேதமணி சார் கேட்டார். நான்தான் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு விலையைச் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தாள். எஞ்சின் மேலே டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு மூடி இருக்கும். அதிலிருந்து நாலு வயர் கிளம்பி நாலு பிளக்குக்குப் போகும். முறைப்படி எல்லா சிலிண்டருக்கும் பொறியைப் பங்கிட்டு அனுப்புவது அதன் வேலை. அந்த நாலு வயரையும் தள்ளித் தள்ளிப் பிடித்துக்கொள்ள பிளாஸ்டிக் கிளிப்புகள் இருந்தன. வெயிலில் அவை நொறுங்கிப்போயிருந்தன. அமலோற்பவம் அவற்றைக் குப்பையில் போட்டாள். நாலு வயரையும் ஒன்றாகச் சேர்த்து, வள்ளத்திலிருந்து எடுத்த வலைநூலால் சாண் இடைவெளிகூட விடாமல் ஒன்பது முடிச்சுப் போட்டு இறுக்கினாள். கடலில் ஆடுகிற எதையும் கட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் அது உங்களுடையது இல்லை. அலைவாய்க்கரையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது.

தூத்துக்குடியில் கார் கிளப் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கொரு முறை துறைமுகச் சாலைக்குப் பக்கத்தில் மூடிக் கிடக்கிற கன்டெய்னர் யார்டில் கூம்புகளை நிறுத்திவைத்து, கடிகாரம் பிடித்து ஓட்டம் நடத்துவார்கள். ஒவ்வொரு வண்டியாகத் தனியே ஓடும். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. போன வருடம் அமலோற்பவம் பெயர் கொடுத்தாள். மதியம் இரண்டு மணிக்கு அவள் முறை. கிளம்பியது நன்றாகத்தான் கிளம்பியது. நீண்ட நேர்த்தடத்தில் முள் ஐந்தாயிரத்தைத் தாண்டியதும் வண்டி குலுங்கி, டப் டப்பென்று வெடித்து, தட்டுத் தடுமாறி நின்றது. ஜெரால்டு வீட்டம்மாவின் வண்டிக்கு இருமல், யாராவது கஷாயம் கொடுங்கள் என்று மைக்கில் ஒருவன் சொன்னான். யார்டு முழுக்கச் சிரித்தது. வண்டி நின்றது அவளுக்குப் பொறுத்தது. ஜெரால்டு வீட்டம்மா என்றதுதான் பொறுக்கவில்லை. அந்த வண்டிக்கும் ஜெரால்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்த மனிதர் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். காரை அவர் ஒரு தடவைதான் ஓட்டியிருக்கிறார், அதுவும் ரிவர்ஸில்.

அங்கேதான் முத்துச்செல்வம் வந்து சேர்ந்தார். பைபாஸில் பெரிய கராஜ் வைத்திருப்பவர். ஏசி அறை, லேப்டாப், சுவரெல்லாம் கோப்பைகள். கெட்ட மனிதர் இல்லை, தான் சொல்வது தப்பாக இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்காத மனிதர். ரேஸுக்குக் குளிர்ந்த பிளக்தான் போட வேண்டும் என்று ஒரு செட் போட்டுவிட்டார். பிளக்கில் சூடான பிளக், குளிர்ந்த பிளக் என்று உண்டு. எரிகிற சூட்டைச் சீக்கிரம் எஞ்சின் தலைக்கு இறக்கிவிடுவது குளிர்ந்தது, பிடித்துவைத்துக்கொள்வது சூடானது. அவர் போட்டது இரண்டு நம்பர் குளிர்ந்தது, இரிடியம் முனை. கூடவே தடிமனான சிவப்பு வயர். அமலோற்பவம் வீட்டுக்கு வந்து சிவப்பு வயரையும் ஒன்பது முடிச்சுப் போட்டுக் கட்டினாள். மறுபடி மிஸ்ஸிங், அதே டப் டப். நீல வயர் வந்தது, அதற்குப் பிறகு மஞ்சள் வயர் வந்தது, அவற்றையும் கட்டினாள். மிஸ்ஸிங் நிற்கவில்லை.

மூன்றாவது முறை முத்துச்செல்வம் லேப்டாப்பை மூடிவிட்டார். கிளப்பின் மாதக் கூட்டத்தில் பத்துப் பேர் நடுவில்தான் அதைச் சொன்னார்.

"தங்கச்சி, எஞ்சின் முடிஞ்சுபோச்சு. காலையில நல்லா ஓடுது, மத்தியானம் சூடேறுனதும் கம்ப்ரஷன் கசியுது. மல்லுக்கட்டாம என்னட்ட விட்டுருங்க. பாடிக்கு வேற எஞ்சின் ஏத்தி நான் ஓட்டிக்கிடுதேன்."

அமலோற்பவத்துக்குக் காது சூடானது. முடிந்துபோயிற்று என்ற சொல்லை அவள் எத்தனையோ மோட்டாரைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அந்த மோட்டார்கள் இன்றும் கடலுக்குப் போய் வருகின்றன. எழுந்து நின்றாள்.

"அடுத்த ஓட்டத்துல இந்த வண்டி ஒரு தரம் மிஸ்ஸிங் அடிச்சாலும் சாவிய உங்க கையில தாரேன் அண்ணாச்சி. அடிக்கலன்னா, என் எஞ்சின் முடிஞ்சுபோச்சுன்னு இனி எவன்ட்டயும் நீங்க சொல்லப்படாது."

சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் விரல்விட்டு நாளை எண்ணினாள். நாக்கு சொன்னதை இனிக் கைதான் காப்பாற்ற வேண்டும். ஓட்டத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

செய்தி மாலத்தீவுவரை போய்விட்டது. ஜெரால்டு போனில் கூப்பிட்டு, இந்த வீறாப்பு எதற்கு, பேசாமல் கொடுத்துவிடு என்றார். உங்கள் தோணியைக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பீர்களா என்று கேட்டாள். தோணி என்னுடையதா என்றார் அவர். இது என்னுடையது என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் காலையிலேயே எஞ்சினிடம் நியாயம் கேட்க உட்கார்ந்தாள். பிளக் இருக்கும் குழி ஆழமானது. உப்பளத்துத் தூசி அதற்குள் விழுந்துவிட்டால் நேரே சிலிண்டருக்குள் போகும். அதனால் முதலில் காற்றடித்து ஊதினாள். எஞ்சின் தலை அலுமினியம். சூட்டில் பிளக்கைத் திருகினால் மரை பிடுங்கிக்கொண்டு வரும், எனவே ஆறிய எஞ்சினில்தான் கை வைத்தாள். நாலு பிளக்கையும் எடுத்து, பழைய துணியில் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று வரிசையாக வைத்தாள். நாலும் கரி. குளிர்ந்த பிளக் தன் அழுக்கைத் தானே எரித்துக்கொள்ளும் அளவுக்குச் சூடாகாது. ஊருக்குள் ஓட்டுகிற வண்டிக்கு அவ்வளவு குளிர்ந்தது ஆகாது. ரேஸ் என்று சொன்னதும் மயங்கி வாங்கிப் போட்ட தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிறகு பிளக் குழியில் அளவுமானியைத் திருகி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்த்து ஒரு தாளில் குறித்தாள். நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பழைய பிளக்கை மாட்டி, வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, கையைச் சுட்டுக்கொள்ளாமல் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மரை போனால் போகட்டும் என்று மாதாவின் மேல் பாரத்தைப் போட்டுத்தான் சூட்டில் கழற்றினாள். அப்போதும் நாலும் ஒரே அளவு. கம்ப்ரஷன் ஒரு பொட்டுக் கசியவில்லை. அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டபோது அவளுக்கு அழுகையே வந்தது. எஞ்சின் முடியவில்லை.

அடுத்து பிளக். இந்த எஞ்சினுக்குக் கம்பெனிப் புத்தகத்தில் என்ன நம்பர் போட்டிருக்கிறதோ, அதே நம்பர் சாதாரண நிக்கல் பிளக் நாலு வாங்கினாள். கடைக்காரர் இரிடியத்தைக் காட்டினார். வேண்டாம் என்றாள். இரிடியம் நீண்ட நாள் உழைக்கும், அதில் குற்றமில்லை. ஆனால் இருபத்திரண்டு நாளுக்குள் நாலு முறை கழற்றிப் பார்க்கப் போகிறவளுக்கு நீண்ட ஆயுள் எதற்கு? பிளக் முனையின் இடைவெளியை அளவுத் தகட்டால் அளந்து, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நாலிலும் சமமாகத் தட்டினாள். வள்ளத்து எண்ணெய்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, பிளக்கின் தலையில் செருகி, குழிக்குள் இறக்கி விரலாலேயே திருகினாள். மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் குழாய் வழுக்கிவிடும், இரும்புச் சாவி வழுக்காமல் மரையைத் தின்றுவிடும். கடைசிக் கால் திருப்பத்துக்கு மட்டும் இறுக்கத்தின் அளவு காட்டும் சாவியைப் போட்டாள்.

காலையில் வண்டி சிறகு முளைத்த மாதிரி ஓடியது. மதியம் மறுபடி மிஸ்ஸிங்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. குற்றம் கம்ப்ரஷனில் இல்லை, பிளக்கில் இல்லை, வயர் மூன்று முறை மாற்றியாயிற்று. வேறு என்னதான் இருக்கிறது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அப்படி ஊர் தன்னைச் சொல்லப் போகிறது என்று தோன்றியது. கிளாட்வின் ஆறுதல் சொல்ல வந்தான். எதுவும் பேசாதே என்று கையமர்த்திவிட்டாள்.

அதற்குப் பிறகு எட்டு நாள் காலையும் மதியமும் துறைமுகச் சாலையில் ஓட்டிப் பார்த்து, எத்தனை மணிக்கு மிஸ்ஸிங் தொடங்குகிறது என்று நாட்காட்டியில் குறித்தாள். ஒரு நாள் பன்னிரண்டு, ஒரு நாள் பதினொன்றரை. ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிவரை வண்டி கொதிக்கக் கொதிக்க ஓடியும் ஒரு மிஸ்ஸிங் இல்லை. ஏன் என்று புரியாமல் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றாள். முத்தையாபுரத்தில் எங்கே நின்று நிமிர்ந்தாலும் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். புகை கடல் பக்கம் சாய்ந்திருந்தது. மதியம் இரண்டு மணிக்குப் புகை ஊர்ப் பக்கம் அல்லவா சாய வேண்டும்? அன்றைக்குக் கடல்காற்று இன்னும் ஏறவில்லை. கரைக்காற்றே அடித்துக்கொண்டிருந்தது.

அங்கேயே காத்திருந்தாள். இரண்டே முக்காலுக்குப் புகை மெல்ல நிமிர்ந்து, ஊரைப் பார்த்துத் திரும்பியது. உதட்டில் உப்புக் கரித்தது. அரை மணி கழித்து வண்டியைக் கிளப்பி நேர்ச்சாலையில் மிதித்தாள். டப் டப்.

சூட்டுக்கும் மிஸ்ஸிங்குக்கும் சம்பந்தமே இல்லை. ஈரத்தோடும் உப்போடும் காற்று ஏறுகிறபோது பொறி எங்கோ வழி மாறிப் போகிறது. பொறி போகிற வழியைக் கண்ணால் பார்க்க இருட்டு வேண்டும். கடல்காற்றோ பகலில்தான் அடிக்கும். அமலோற்பவம் வள்ளத்துத் தார்ப்பாய் இரண்டைக் கொண்டு வந்து, பட்டப்பகலில் பானெட்டின் மேல் போர்த்தினாள். கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு, துணிக்கு இஸ்திரி போடும்போது நீர் தெளிக்கிற புட்டியில் கடல்நீரை நிரப்பி எடுத்துக்கொண்டு, தார்ப்பாய்க்குள் தலையை நுழைத்தாள். கிளாட்வின் ஆக்சிலரேட்டரை மிதித்தான். உள்ளே இட்லிக் கொப்பரை மாதிரி வெந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. வயர்களின் மேல் இரண்டு முறை நீரைப் பீய்ச்சினாள்.

முடிச்சுகளில் நீலமாக மின்னியது. ஐந்தாவது முடிச்சில் ஒன்று, ஆறாவதில் ஒன்று, மூன்றாவது வயரிலிருந்து நாலாவது வயருக்குத் தாவித் தாவி ஒரு சின்ன நெருப்பு. வெளியே வந்து கிளாட்வினைப் பார்க்கச் சொன்னாள். அவள் மிதிக்க, அவன் தலையை விட்டான்.

"மதினி," என்றது தார்ப்பாய்க்குள்ளிருந்து. "நீங்க கட்டுன கட்டுலதான் மின்னுது."

எஞ்சினை அணைத்துவிட்டு அவள் கொட்டகைத் தரையில் உட்கார்ந்தாள். கையை விரித்துப் பார்த்தாள். வலைநூல் கடலில் ஊறி ஊறி இழையெல்லாம் உப்பு. கரைக்காற்றில் காய்ந்து கிடக்கும். கடல்காற்று ஏறியதும் ஈரம் குடித்துக்கொண்டு பொறிக்குப் பாலம் போட்டுக் கொடுக்கும். முடிச்சின் இறுக்கத்தில் வயரின் தோலும் வெட்டுப்பட்டிருந்தது. வள்ளத்து மோட்டாரின் வயர் சாண் நீளம்கூட இல்லை, அங்கே கட்டினால் பாவமில்லை. இங்கே மூன்றாவதுக்குப் போக வேண்டிய பொறி, அடுத்த முறைக்குக் காத்திருக்கிற நாலாவதுக்குத் தாவி வேளை கெட்ட வேளையில் வெடித்தது. மூன்று முறை புது வயர் வாங்கினாள். மூன்று முறையும் தன் கையாலேயே அதைக் கெடுத்தாள். எஞ்சினைக் குற்றம் சொன்னவரைப் பார்த்து இத்தனை நாள் பல்லைக் கடித்தாளே, குற்றம் அவள் விரலிடுக்கில் அல்லவா இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, சிரித்தாள். தப்பு தன்னுடையது என்றால் திருத்துவதும் தன் கையில்தானே இருக்கிறது.

ஒன்பது முடிச்சையும் கத்தியால் அறுத்தாள். புது வயர் வாங்கப் போனபோது தடிமனையும் நிறத்தையும் பார்க்கவில்லை. சிலிகான் தோல், அந்தந்த சிலிண்டருக்குச் சரியான நீளம், மீட்டரில் வைத்தால் நீளத்துக்கேற்ற மின்தடை காட்டுகிறதா என்று மட்டும் பார்த்தாள். நொறுங்கிப்போன கிளிப்புக்குப் பதிலாக, காய்கறி நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை ரம்பத்தால் அறுத்து, நாலு பள்ளம் வெட்டி, இரண்டு சீப்புப் பலகை செய்தாள். மாமியார் பலகையைத் தேடினார்; இரண்டு நாளைக்கு அரிவாள்மணையில் நறுக்கிக்கொள்ளுங்கள் என்றாள். வயர்களை ஒவ்வொன்றாக, முனை பிளக்கில் கிளிக்கென்று உட்காரும்வரை அழுத்தி, பள்ளத்துக்கொன்றாகப் பதித்தாள். மூன்றையும் நாலையும் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்தாள். கட்டாமல் விட்டால் ஆடாதா என்று கிளாட்வின் கவலைப்பட்டான்.

"ஆடட்டும்லே. ஒண்ணையொண்ணு தொடப்படாது, அவ்வளவுதான்."

மிஞ்சியிருந்த நாட்களில் கடல்காற்று ஏறிய பிறகு மட்டும் ஓட்டிப் பார்த்தாள். மிஸ்ஸிங் இல்லை. ஆனால் எட்டு நாள் ஓடியது எட்டு மாதத்துக்குச் சாட்சி ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

ஓட்டத்தன்று காலை சீட்டுக் குலுக்கினார்கள். கிளப் செயலாளர் கிங்ஸ்டன், பள்ளிக்கூட வாத்தியார், வருகைப் பதிவேடு வாசிக்கிற குரலிலேயே முறையை வாசித்தார். அமலோற்பவத்துக்கு மூன்றாவது இடம், காலை எட்டரை மணி. கிளாட்வின் நெஞ்சில் கை வைத்து ஆண்டவருக்கு நன்றி சொன்னான். எட்டரைக்குக் கரைக்காற்றுதான் அடிக்கும். எந்தச் சோதனையும் இல்லாமல் ஓடிவிட்டு வரலாம், பந்தயம் முடிந்தது.

அமலோற்பவம் கிங்ஸ்டனிடம் போய், தனக்குக் கடைசி இடம் வேண்டும் என்று கேட்டாள். கடைசி என்றால் மூன்று மணி ஆகிவிடுமே, வெயிலில் தரை கொதிக்குமே என்றார் அவர். பரவாயில்லை என்றாள். கடைசிச் சீட்டு எடுத்தவன் சந்தோஷமாக மாற்றிக்கொண்டான். கிளாட்வின் அவளை ஓரமாக இழுத்துப்போனான். வேலியில் போகிற ஓணானை ஏன் மடியில் எடுத்துவிட்டுக்கொள்கிறீர்கள் என்று கெஞ்சினான்.

"காலையில ஓடுனா காத்துதாம்லே செயிச்சதா ஆகும்," என்றாள். "மத்தியானம் நின்ன வண்டி மத்தியானம்தான் ஓடணும்."

மூன்று மணிக்கு உதட்டில் உப்பு ஏறியிருந்தது. கூம்புகளுக்குள் காற்று ஊதுகிற சத்தம் கேட்டது. பானெட்டைத் திறந்து சோதிக்கும் நேரத்தில் முத்துச்செல்வமும் வந்து எட்டிப் பார்த்தார். வெள்ளைப் பலகையைத் தொட்டு, இது என்ன தங்கச்சி, சமையல்கட்டா என்றார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"நான்தான் வலைநூலப் போட்டு வயரைக் கட்டிவச்சிருந்தேன் அண்ணாச்சி. உப்புக் காத்துல அதுலதான் கசிஞ்சிருக்கு. தப்பு என் கையில இருந்துச்சு, எஞ்சின்ல இல்ல. மூணு தரம் வண்டி உங்க முன்னால வந்துச்சு, அந்த முடிச்ச நீங்களும் பாத்தீங்க."

அவர் பலகையிலிருந்து கையை எடுத்தார். சிரிக்க நின்றவர்கள் இப்போது அவரைப் பார்த்தார்கள். அவள் ஜாக்கெட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்து, நாலு சிலிண்டரின் அளவையும் அவர் முன்னால் விரித்துவைத்துவிட்டு, வண்டியில் ஏறினாள்.

கொடி இறங்கியது. முதல் வளைவில் பின்சக்கரம் வழுக்கியது, பிடித்துக்கொண்டாள். கூம்புகளுக்கிடையில் வளைந்து வளைந்து போகும்போது அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் அந்த நேர்த்தடத்தில் காத்திருந்தது. யார்டின் அந்தக் கடைசி, கடலைப் பார்த்த பக்கம். திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. மிதித்தாள். நாலாயிரம். ஐயாயிரம். போன வருடம் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது, அதைத் தாண்டினாள். மாதாவே என்று ஒரு சொல் வாயிலிருந்து தானாக வந்தது. ஆறாயிரம். எஞ்சின் ஒரே குரலில் ஏறிக்கொண்டே போனது, நடுவில் ஒரு இருமல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. ஏழாயிரத்தைத் தொடும்போது அவள் கத்திக்கொண்டிருந்தாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கடல்காற்றைப் பார்த்துத்தான் ஏதோ கத்தியிருக்கிறாள்.

இருபத்திரண்டு வண்டியில் ஏழாவது இடம். கோப்பை இல்லை. கிங்ஸ்டன் மைக்கைத் தானே வாங்கி நிதானமாக வாசித்தார்: வண்டி அமலோற்பவத்தினுடையது, ஓட்டியவர் அமலோற்பவம், மெக்கானிக் அமலோற்பவம்.

முத்துச்செல்வம் ஓரமாக நின்றிருந்தார். அமலோற்பவம் நேரே அவரிடம் போனாள். வியர்வையில் முகம் பளபளத்தது. சாவியை அவர் முன்னால் நீட்டினாள். கூடியிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளாட்வின் ஐயோ மதினி என்று முன்னால் வந்தான்.

"ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி. முடிஞ்சுபோன எஞ்சினானு நீங்களே கேளுங்க."

அவர் தயங்கினார். பத்துப் பேர் நடுவில் சொன்னதை இருநூறு பேர் நடுவில் விட்டுவிட்டு ஓட முடியாது. வாங்கிக்கொண்டு ஏறினார். அவள் ஒரு கன்டெய்னர் நிழலில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நல்ல ஓட்டுநர். அவளைவிட வேகமாகவே போனார். நேர்த்தடத்தில், காற்றைப் பார்த்து, வண்டியைப் பிழிந்தார். அவள் காதால் மட்டும் கூடவே போனாள். கடைசிவரை ஒரே குரல்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய முத்துச்செல்வம் கொஞ்ச நேரம் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நல்ல எஞ்சின் என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு நடந்து வந்து, பழக்க தோஷத்தில், ஆண்பிள்ளையாக அங்கே முன்னால் நின்ற கிளாட்வினிடம் சாவியை நீட்டினார்.

கிளாட்வின் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வண்டி மதினி பேர்ல இருக்கு," என்றான்.

முத்துச்செல்வம் நீட்டிய கையை மடக்கினார். நாலு எட்டு நடந்து கன்டெய்னர் நிழலுக்கு வந்து, தரையில் உட்கார்ந்திருந்த அமலோற்பவத்துக்கு எட்டும்படி குனிந்து, சாவியைக் கொடுத்தார். அவள் கறுப்பு ஏறிய நகத்தோடு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.